வெங்காய டிப் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

விருந்துகளுக்கு வீட்டிலிருந்தே வெங்காய டிப் (வதக்கிய வெங்காயத்தை வடித்த தயிரில் கலந்து, சிப்ஸுக்குத் தொட்டுக்கொள்ளச் செய்யும் கெட்டிக் கலவை) செய்து கொடுத்து வருகிறேன். வாங்கிச் சாப்பிட்டவர்கள் பிறகு தாங்களும் செய்து பார்த்துவிட்டு, "இப்படி ஆகிவிட்டதே, காப்பாற்ற முடியுமா?" என்று கேட்பது வழக்கம். சுற்றிச் சுற்றி அதே சில கோளாறுகள்தான் வருகின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றே: வெங்காயத்திலிருந்தோ தயிரிலிருந்தோ போகவேண்டிய தண்ணீர் போகவில்லை. உங்கள் கிண்ணத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலிலும், பணம் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

நான் கணக்கில் கொள்ளும் அளவு இது. பெரிய வெங்காயம் (பெல்லாரி) 1 கிலோ, வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, எண்ணெய் 1 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி. முழுக்கொழுப்புப் பாலில் உறையூற்றிய தயிர் 750 கிராம்; அதைத் துணியில் கட்டி வடித்தால் ஏறத்தாழ 300 கிராம் நிற்கும். கிரீம் சீஸ் 100 கிராம், மிளகுத்தூள், கடைசியில் சில துளி எலுமிச்சைச்சாறு. ஒரு கிலோ வெங்காயம் வதங்கி முடியும்போது 200 முதல் 250 கிராம்தான் மிஞ்சும். அதற்கு மேல் இருந்தால் இன்னும் வதங்கவில்லை என்று பொருள்.

## அரை மணி நேரமாகியும் வெங்காயம் வெளுப்பாகவே இருக்கிறது

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். "பத்து நிமிடம் பொன்னிறமாக வதக்கவும்" என்பது குழம்புக்கு வதக்கும் வெங்காயத்துக்குச் சரி. டிப்புக்கு வேண்டிய அடர்பழுப்பு, ஒரு கிலோ வெங்காயத்துக்கு 50 நிமிடத்துக்குள் வராது. 70 நிமிடம்கூட ஆகும். வெங்காயத்தின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது வெளியேறிய பிறகுதான் நிறம் ஏறத் தொடங்கும். அரை மணியில் வைக்கோல் நிறத்தில் இருந்தால் கோளாறு எதுவும் இல்லை, தொடருங்கள்.

45 நிமிடத்தைத் தாண்டியும் வெளுப்பாக இருந்தால் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

மூடி போட்டிருக்கிறீர்களா? முதல் பத்து நிமிடம் மூடி இருப்பது நல்லது. வெங்காயம் சீக்கிரம் துவளும். அதற்குப் பிறகும் மூடியிருந்தால் ஆவி மூடியில் பட்டு மறுபடி வாணலிக்குள்ளேயே சொட்டும். திறந்துவிடுங்கள்.

உப்பு எப்போது போட்டீர்கள்? கடைசியில் போடுவதாக இருந்தால், அடுத்த முறை வெங்காயம் வாணலியில் விழுந்தவுடனே போடுங்கள். தண்ணீர் முன்னதாகவே வெளியே வந்துவிடும்.

தீ மிகச் சிறியதா? "சிறு தீ" என்று படித்துவிட்டுப் பர்னரை அணையும் நிலைக்குக் குறைத்துவிடுகிறார்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். தண்ணீர் இருக்கும்வரை வாணலியில் கொதிக்கும் சத்தம் மெத்தென்று வரும். தண்ணீர் வற்றியதும் அது பொரியும் சத்தமாக மாறும். கொதிக்கும் சத்தம் கேட்கும்வரை மிதமான தீயே இருக்கலாம், பயப்பட வேண்டாம். பொரியும் சத்தம் தொடங்கிய பிறகுதான் தீயைக் குறைக்க வேண்டும்.

வாணலி சிறியதா? ஒரு கிலோவுக்கு 28 செ.மீ. அகலமாவது வேண்டும். குழிவான சிறிய வாணலியில் அடுக்காகக் கிடந்தால் அடியில் இருப்பது வேகும், மேலே இருப்பது அவியும். வேறு அகலப் பாத்திரம் இல்லையென்றால் இரண்டு அடுப்பில் பாதிப் பாதியாகப் பிரித்துவிடுங்கள். நேரமும் நன்றாகவே மிச்சமாகும்.

வெங்காயம் புதிதா? அறுவடையாகி நன்றாக உலராத வெங்காயத்தின் கழுத்து பச்சையாக, ஈரமாக இருக்கும். வெளித்தோல் சரசரக்காது. தண்ணீர் அதிகம் என்பதால் கூடுதலாகக் கால் மணி நேரம் கொடுங்கள். சின்ன வெங்காயத்தில் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். தண்ணீர் குறைவு, இனிப்பு அதிகம், நிறமும் விரைவில் ஏறும்; ஆனால் கருகுவதும் விரைவு. தோலுரிக்கப் பொறுமை இருந்தால் பாதிக்குப் பாதி கலந்து செய்யுங்கள். எனக்கு அந்த ருசிதான் பிடிக்கும்.

பர்னர் சரியாக எரிகிறதா? தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால் சூடு போதாது. அடுப்பு ஆறிய பிறகு பர்னர் மூடியைக் கழற்றி, துளைகளை ஊசியால் குத்தித் தூசு தட்டி, கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். அதன் பிறகும் மஞ்சளாகவே எரிந்தால் அடுப்பு பழுது பார்ப்பவரைக் கூப்பிட வேண்டிய நேரம். காற்று கலக்கும் பகுதியை நீங்களாகத் திருகிப் பார்க்க வேண்டாம். எரிவாயு வாடை அடித்தால் ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்து, எந்த மின்விசையையும் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

குறுக்கு வழிகள் இரண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை போட்டால் சர்க்கரைதான் பழுப்பாகும். வெங்காயம் உள்ளே அரைவேக்காடாகவே இருக்கும். நான் போடுவதில்லை. ஆப்பச் சோடா உண்மையிலேயே நிறத்தை விரைவுபடுத்தும். ஆனால் கிலோவுக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் வெங்காயம் குழைந்து, சோப்பு ருசி ஏறிவிடும். வேறு வழியே இல்லாத அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## ஓரத்தில் கருகிவிட்டது, நடுவில் வெளுத்திருக்கிறது

கரண்டியை நிறுத்துங்கள். கிளறக் கிளறக் கருகிய துணுக்குகள் எல்லா இடத்திலும் பரவும்.

வாணலியின் அடியில் ஒட்டியிருப்பது பழுப்பா, கரியா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வெங்காயத்தை ஒரு பக்கம் ஒதுக்கி, காலியான இடத்தில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விடுங்கள். 'சொய்ங்' என்று பொங்கி, அடியிலிருப்பது கரைந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் திரண்டால் அது பழுப்புதான். அதில்தான் டிப்பின் ருசி முழுவதும் இருக்கிறது. மரக்கரண்டியால் சுரண்டி வெங்காயத்தோடு சேர்த்துவிடுங்கள். தண்ணீர் தெளிவாகவே நின்று அதில் கறுப்புச் செதில்கள் மிதந்தால் கருகிவிட்டது. அடியைச் சுரண்டாமல் மேலாக உள்ள வெங்காயத்தை வேறு பாத்திரத்துக்கு அள்ளி, கறுப்பானவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துச் சிறு தீயில் தொடருங்கள்.

ஏன் கருகியது? வெட்டு ஒரே தடிமனாக இல்லாதது முதல் காரணம். காகிதம்போல் மெலிந்த துண்டும் விரல் தடிமன் துண்டும் ஒரே நேரத்தில் வேகாது. 3 முதல் 4 மில்லிமீட்டர் போதும். இரண்டாவது காரணம், கடைசி இருபது நிமிடத்தில் அடுப்பைவிட்டு நகர்வது. முதல் அரை மணியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும். நிறம் ஏறத் தொடங்கியபின் ஒரு நிமிடம்கூடக் கண்ணை எடுக்கக் கூடாது. மூன்றாவது, மெல்லிய அலுமினிய வாணலி. தீ படும் இடத்தில் மட்டும் சூடேறி அங்கேயே கருகும். அதன் அடியில் பழைய தோசைக்கல்லை வைத்தால் சமாளிக்கலாம். அடிக்கடி செய்பவராக இருந்தால் மட்டும் அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் வாங்குங்கள்.

முழுவதும் கசந்துவிட்டதென்றால் கொட்டிவிடுங்கள். கசப்பைச் சர்க்கரையும் மறைக்காது, கிரீமும் மறைக்காது. ஒரு கிலோ வெங்காயத்தோடு விட்டுவிட்டால் தயிரும் சீஸும் தப்பும். கருகாமலேயே கசக்கிறதா? வெங்காயத்தைப் பச்சையாக மிக்ஸியில் அரைத்து வதக்கினீர்களா என்று யோசியுங்கள். அரைத்த வெங்காயத்தில் காரமும் கசப்பும் ஏறும். அல்லது பூண்டை வெங்காயத்தோடு ஆரம்பத்திலேயே போட்டிருப்பீர்கள். பூண்டு கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும் போதும்.

## சிப்ஸில் தொட்டால் வெங்காயம் நார் நாராகத் தொங்குகிறது

வெங்காயம் சரியாகவே இருக்கிறது, நீளமாக இருக்கிறது, அவ்வளவுதான். வதங்கி ஆறியதைப் பலகையில் கொட்டிக் கத்தியால் பொடியாக நறுக்கிய பிறகே தயிரோடு கலக்க வேண்டும். ஏற்கெனவே கலந்துவிட்டீர்கள் என்றால் கிண்ணத்துக்குள்ளேயே கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். மிக்ஸியில் மட்டும் போடாதீர்கள். ஏன் என்பதை அடுத்த தலைப்பில் சொல்கிறேன்.

மாறாக, வதக்கும்போதே வெங்காயம் கூழாகிவிட்டால் ஒன்று சோடா அதிகம், அல்லது குறுக்காக வளையம் வளையமாக வெட்டியிருக்கிறீர்கள். வேர் முனையிலிருந்து தலைமுனை நோக்கி நெடுக்காக வெட்டினால் உருக்குலையாது. கூழானாலும் ருசி கெடுவதில்லை. அப்படியே பயன்படுத்துங்கள், கடிபட ஒரு பிடி வெங்காயத்தைத் தனியாக மொறுமொறுப்பாகப் பொரித்து மேலே தூவிவிடுங்கள்.

## டிப் தண்ணீராக இருக்கிறது

என்னிடம் வரும் கேள்விகளில் மிக அதிகமானது இதுதான். எப்போது நீர்த்தது என்பதை வைத்து மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

### கலக்கும்போதே ஓடுகிறது

தயிர் வடியவில்லை. 750 கிராம் தயிரைக் கட்டி வைத்து 500 கிராம் நின்றிருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. எடைபோடத் தராசு இல்லையென்றால் ஒரு கரண்டி எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

வடிப்பதில் நடக்கும் தவறு பெரும்பாலும் துணியில் இருக்கிறது. நெருக்கமான நெசவுள்ள கைக்குட்டையில் கட்டினால் நீர் இறங்காது. பழைய வேட்டித் துணியோ மல் துணியோ வேண்டும். துவைத்த சோப்பு வாசனை தயிருக்கு ஏறாமல் இருக்க, வெந்நீரில் அலசிப் பிழிந்த பிறகு கட்டுங்கள். துணியை வடிகட்டியில் விரித்து, தயிரைக் கொட்டி, முனைகளை மடித்து, மேலே ஒரு தட்டும் அதன்மேல் ஒரு கனமான கிண்ணமும் வைத்து ஃபிரிட்ஜுக்குள் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். சமையலறைக் குழாயில் தொங்கவிடும் பழக்கம் குளிர்ந்த ஊர்களுக்குச் சரி. சென்னை வெயிலில் ஆறு மணி நேரம் தொங்கினால் நீர் வடிவதற்குள் தயிர் புளித்துவிடும்.

தயிர் எந்தப் பாலில் உறைந்தது என்பதையும் பாருங்கள். இந்த டிப் 1950-களில் அமெரிக்காவில் பரவியபோது, பாக்கெட் வெங்காய சூப் பொடியைப் புளித்த கிரீமில் கலந்துதான் செய்தார்கள். அந்தக் கிரீமில் 18 சதவீதமாவது கொழுப்பு இருக்கும். நம் ஊர் முழுக்கொழுப்புப் பாலில் இருப்பது 6 சதவீதம், சமன்படுத்திய பாலில் 3 சதவீதம். அதனால்தான் வடித்தாக வேண்டியிருக்கிறது. அதனால்தான் கூடவே கிரீம் சீஸும் வேண்டியிருக்கிறது. ஆவினில் ஆரஞ்சு நிற பாக்கெட்டை வாங்குங்கள்.

மிக்ஸியில் அடித்தீர்களா? வடித்த தயிரின் கெட்டித்தன்மை பிளேடு சுழன்ற சில நொடிகளில் உடைந்துபோகும். பிறகு எவ்வளவு நேரம் ஃபிரிட்ஜில் வைத்தாலும் முழுதாகத் திரும்பாது. கிரீம் சீஸை மட்டும் தனியாக அடித்துக்கொண்டு, தயிரைக் கரண்டியால் மடித்து மடித்துக் கலக்க வேண்டும்.

இப்போது கையில் இருக்கும் நீர்த்த டிப்பைக் காப்பாற்ற: முதலில் இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், வெண்ணெயும் சீஸும் இறுகி ஓரளவு கெட்டியாகும். போதவில்லையென்றால் டிப்பையே துணி விரித்த வடிகட்டியில் கொட்டி மேலும் இரண்டு மணி நேரம் வடியுங்கள். நீரோடு கொஞ்சம் உப்பும் போகும், கடைசியில் ருசி பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். அதுவும் போதாவிட்டால் இன்னும் 50 கிராம் கிரீம் சீஸ். சோளமாவு, மைதா இரண்டும் வேண்டாம், பச்சை மாவு வாடை அடிக்கும். பொட்டுக்கடலை மாவு தூவினால் கெட்டியாகும், உண்மைதான். ஆனால் டிப் சட்னியின் ருசிக்குப் போய்விடும்.

### கலந்தபோது கெட்டியாக இருந்தது, சற்று நேரத்தில் இளகிவிட்டது

வெங்காயம் சூடாக இருந்திருக்கிறது. கிண்ணத்தின் அடியை உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள். வெதுவெதுப்பு துளி தெரிந்தாலும் கலக்கக் கூடாது. தட்டில் பரப்பிவிட்டால் கால் மணியில் ஆறிவிடும், குவியலாக விட்டால் நடுவில் வெகுநேரம் சூடு நிற்கும். இளகியதை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தால் பெரும்பாலும் இறுகிவிடும். துணுக்குத் துணுக்காகத் திரிந்து நீர் பிரிந்திருந்தால் அது திரும்பாது. அதைக் கொட்ட வேண்டியதில்லை. பாஸ்தாவிலோ உருளைக்கிழங்கு மசியலிலோ கலந்துவிடலாம், நன்றாகவே இருக்கும்.

இன்னொரு காரணம், வெங்காயம் முழுதாக வற்றாதது. வாணலியின் நடுவே கரண்டியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு அப்படியே திறந்து நின்று, ஓரத்தில் எண்ணெய் மட்டும் பளபளத்தால் சரி. இரு பக்கமிருந்தும் நீர் கசிந்து கோடு மூடிக்கொண்டால் இன்னும் பத்து நிமிடம் வேண்டும். அல்வாவில் பதம் பார்ப்பது போலத்தான்.

### மறுநாள் மேலே தண்ணீர் நிற்கிறது

பயப்பட வேண்டாம். வடித்த தயிர் எதுவும் ஓரிரவில் கொஞ்சம் நீர் விடத்தான் செய்யும். தெளிவாகவோ லேசான மஞ்சளாகவோ இருந்து, வாடையும் நன்றாக இருந்தால் சாய்த்து ஊற்றிவிட்டுக் கிளறுங்கள். அளவுக்கு அதிகமாக நின்றால் தயிரில் நேரடியாக உப்பு சேர்த்திருப்பீர்கள். உப்பை வெங்காயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈரம் துடைக்காத கொத்தமல்லி, வெள்ளரித் துண்டுகளை முன்கூட்டியே கலந்திருந்தாலும் இதே நிலைதான். பரிமாறும்போது மேலே தூவினால் போதும்.

## நாக்கில் குருணை குருணையாகத் தட்டுகிறது

ஒரு குருணையை நாக்கின் நடுவில் வைத்து, அண்ணத்தோடு அழுத்தி, சில நொடி காத்திருங்கள்.

கரைந்து வழவழவென்று ஆகிவிட்டால் அது கொழுப்பு. வெண்ணெய்க்குப் பதில் நெய்யில் வதக்குபவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. நெய் ஃபிரிட்ஜில் மணல்போல் உறையும். டிப்பை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி கழித்துக் கிளறினால் சரியாகும். அடுத்த முறை நெய்யைக் குறைத்து எண்ணெயைக் கூட்டுங்கள். வதங்கிய வெங்காயத்தைச் சல்லடையில் ஐந்து நிமிடம் வைத்து, அதிகப்படிக் கொழுப்பை இறக்கிவிடுங்கள்.

கரையாமல் மாவு உருண்டைபோல் நசுங்கினால் அது கிரீம் சீஸ். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு சூடாக, அதாவது குளிரோடேயே, கலந்திருக்கிறீர்கள். அரை மணி நேரம் வெளியே வைத்துத் தனியாக அடித்த பிறகே மற்றது சேர வேண்டும். இப்போதைக்கு, டிப் கிண்ணத்தை வெதுவெதுப்பான நீர் உள்ள பாத்திரத்தில் பத்து நிமிடம் வைத்து மத்தால் மெதுவாகக் கடையுங்கள்.

நசுங்காமல் ரவைபோல் நறநறத்தால் தயிர் திரிந்திருக்கிறது, அல்லது டிப்பையோ சீஸையோ ஃபிரீசரில் வைத்து எடுத்திருக்கிறீர்கள். இதற்கு மருந்தில்லை. ஃபிரீசரில் வைக்கத் தகுந்தது வதங்கிய வெங்காயம் மட்டும். அதை ஐஸ் தட்டுக் குழிகளில் நிரப்பி உறையவைத்துக்கொண்டால் இரண்டு மாதம் கைகொடுக்கும்.

மேயோனைஸ் சேர்ப்பவர்களுக்கு ஒரு சொல். மேலே எண்ணெய் பிரிந்து மிதந்தால் சூட்டில் மேயோனைஸ் உடைந்திருக்கிறது. புதிதாக ஒரு கரண்டி மேயோனைஸை வேறு கிண்ணத்தில் எடுத்து, பிரிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் விட்டுக் கலக்குங்கள். பச்சை முட்டையில் வீட்டிலேயே மேயோனைஸ் செய்து கலக்க வேண்டாம். பச்சை முட்டை மேயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்ததே அதில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் பெருகும் ஆபத்துக்காகத்தான். முட்டையில்லாதது கடைகளில் எளிதாகவே கிடைக்கிறது.

## ருசி சரியில்லை

சப்பென்று இருக்கிறது. செய்தவுடன் ருசி பார்த்திருப்பீர்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் இருந்தால்தான் வெங்காயம் தயிரில் இறங்கும். அதன் பிறகு, குளிர்ந்த நிலையில் ருசி பாருங்கள். குளிரில் உப்பு மங்கித் தெரியும். முதலில் உப்பு, பிறகு எலுமிச்சை, அப்புறம் மிளகு. அதற்கும் மசியவில்லையென்றால் அரைத் தேக்கரண்டி சோயா சாஸ். அதற்குமேல் போனால் நிறமும் கெடும்.

புளிக்கிறது. தயிர் பழையது, அல்லது வெளியே தொங்கியிருக்கிறது. கிரீம் சீஸ் இன்னும் கொஞ்சம், அல்லது வதங்கிய வெங்காயம் இன்னும் கொஞ்சம். சோடா போட்டுப் புளிப்பை அடக்கலாம் என்று சொல்வார்கள்; டிப் நுரைத்து, சோப்பு ருசியோடு நிற்கும். வேண்டாம்.

தித்திக்கிறது. மிளகும் எலுமிச்சையும் போதும்.

பச்சை வெங்காயக் காரம் அடிக்கிறது. அரைகுறையாக வதங்கியிருக்கிறது. கலந்தபின் இதைச் சரிசெய்ய முடியாது, மறுநாள் இன்னும் தூக்கலாக அடிக்கும். அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.

## நிறம் விநோதமாக இருக்கிறது

சாம்பல் நிறமும் இரும்பு வாடையும் சேர்ந்து வந்தால் இரும்பு வாணலியில் வைத்தே தயிரையும் எலுமிச்சையையும் கலந்திருக்கிறீர்கள். இரும்பில் வதக்கலாம், கலக்கக் கூடாது. அலுமினியத்திலும் அப்படியே. எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் மூன்றில் எதுவானாலும் சரி.

பச்சை சாயல் கலந்த மஞ்சள் தெரிந்தால் சோடா அதிகம். பூண்டுத் துண்டுகள் மட்டும் நீலப்பச்சையாக மாறியிருந்தால் அது பூண்டு புளிப்போடு சேர்வதால் வருவது, தீங்கில்லை.

வெங்காயத்தை உரிக்கும்போதே தோலில் கரும்பொடி ஒட்டியிருந்தால் அது பூஞ்சை. அந்தத் தோலையும் அடுத்த அடுக்கையும் எடுத்து, கழுவிப் பயன்படுத்துங்கள். உள் அடுக்குகளிலும் கறுப்பு ஓடியிருந்தால் அந்த வெங்காயமே வேண்டாம்.

டிப்பின் மேல் இளஞ்சிவப்புப் புள்ளியோ, ஆரஞ்சுக் கீறலோ, பஞ்சுபோன்ற படலமோ தெரிந்தால் முழுவதையும் கொட்டுங்கள். மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கம் இதுபோன்ற மெத்தென்ற உணவுக்கு ஆகாது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும்.

## வெகுநேரம் வெளியே இருந்துவிட்டது, சாப்பிடலாமா?

அறையில் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே என்றால் இரண்டு மணி நேரம், அதற்கு மேல் என்றால் ஒரு மணி நேரம். நம் ஊர்க் கோடையில் இரண்டாவது கணக்குதான் பெரும்பாலும் பொருந்தும். விருந்தில் பெரிய கிண்ணமாக வைக்காமல் சிறிய கிண்ணங்களில் மாற்றி மாற்றி வையுங்கள். அடியில் ஐஸ் கட்டித் தட்டு வைத்தால் இன்னும் நல்லது. ஆட்கள் சிப்ஸைத் தொட்டுத் தின்ற கிண்ணத்தை மறுபடி ஃபிரிட்ஜில் ஏற்ற வேண்டாம்.

தயிரைவிட வெங்காயத்தைப் பற்றித்தான் நான் அதிகம் எச்சரிப்பேன், ஏனென்றால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. காலையில் வதக்கி, வெண்ணெயில் மூழ்கிய நிலையில் அடுப்பின் மேலேயே மூடி வைத்து, மாலையில் டிப் கலக்குகிறார்கள். 1983-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 28 பேர் போட்டுலிசம் என்ற நச்சு நோயால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். காரணம், கொழுப்பில் வதக்கி, குளிரூட்டாமல் வெதுவெதுப்பாகவே வைத்திருந்த வெங்காயம். கொழுப்பு மூடியிருக்கும் இடத்தில் காற்றுப் புகாது, அந்தக் கிருமிக்கு வேண்டியது அதுதான். வாடையிலோ நிறத்திலோ தெரியாமல்கூடப் போகலாம். வதங்கியதும் தட்டில் பரப்பி ஆறவையுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் ஏற்றுங்கள். நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். கலந்த டிப்புக்கு மூன்று நாள்.

ஒழுங்காக வைத்தும் மறுநாளே புளித்துக் கெடுகிறதென்றால் ஃபிரிட்ஜைப் பாருங்கள். கதவின் அலமாரியில் வைக்காமல் உள்ளே, பின்பக்கமாக வைத்துப் பார்ப்பது முதல் படி. அடுத்தது கதவு ரப்பர். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. துடைத்துப் பாருங்கள், அழுக்கால்கூட இப்படி ஆகும். கடைசியாக, ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு இரவு முழுவதும் உள்ளே வையுங்கள். காலையில் 5 டிகிரிக்கு மேல் காட்டினால் குளிர்நிலையைக் கூட்டி இன்னோர் இரவு பாருங்கள். அப்போதும் இறங்கவில்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அதுவரை பால் பொருட்களை அதில் வைக்க வேண்டாம்.

## சாப்பிட்டவருக்கு உடம்பு சரியில்லை

மிச்சமிருக்கும் டிப்பை யாரும் தொடாமல் மூடி எடுத்து வையுங்கள். மருத்துவர் கேட்டால் காட்டலாம். ஓரிரு முறை வயிற்றுப்போக்கு என்றால் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து ஓய்வெடுக்கச் சொல்லலாம். மலத்தில் இரத்தம், 39 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குடித்த நீர்கூட நிற்காத வாந்தி, சிறுநீர் வெகுவாகக் குறைவது, மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் என்றால் இவ்வளவு காத்திருக்க வேண்டாம், முதல் நாளே காட்டிவிடுங்கள்.

பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தானாகத் தொங்குவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமல் போவது: இவை வயிற்றுக் கோளாறு எதுவும் இல்லாமலும் வரலாம், சாப்பிட்டு ஒரு நாள் கழித்தும் வரலாம். வந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாமல் 108-ஐ அழைத்து, வதக்கி வைத்திருந்த வெங்காயத்தைச் சாப்பிட்டார் என்பதை முதல் வாக்கியமாக மருத்துவரிடம் சொல்லுங்கள்.